காதில் ஒன்றுமில்லை என்கிறார்கள், வலி மட்டும் போகவில்லை

படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்காருகிற வேலை. எட்டு மாதமாக வலது காதில் வலி, கூடவே குளித்தபோது தண்ணீர் புகுந்துகொண்டதுபோல ஓர் அடைப்பு. மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டுக் காது நன்றாக இருக்கிறது என்றார்கள். சொட்டு மருந்து மாற்றி மாற்றிப் போட்டும் பலனில்லை. ராத்திரியில் அதிகமாகிறது, தூக்கம் கெட்டுவிட்டது. இது என்ன, ஆபத்தா, இதை வைத்துக்கொண்டு நாளை எப்படி ஓட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். "நானே கற்பனை செய்துகொள்கிறேனோ" என்று முடித்திருக்கிறீர்கள். நடுவில், போகிற போக்கில், காலையில் எழும்போது தாடை இறுகிப்போன மாதிரி இருக்கிறது என்று ஒரு வரி.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் எதையும் கற்பனை செய்யவில்லை. காது நன்றாக இருக்கலாம், காது வலியும் உண்மையாக இருக்கலாம். "காது நார்மல்" என்று சொல்லி அனுப்பும்போது, "ஆகவே வேறு இடத்தில் தேட வேண்டும்" என்கிற பாதி வாக்கியம் விட்டுப்போய்விடுகிறது. கூட்டமான ஓ.பி.யில் அது நடந்துவிடும், நானும் செய்திருக்கிறேன். நோயாளிக்கோ அந்தப் பாதி இல்லாமல் மீதி ஒரு குற்றச்சாட்டுபோலக் கேட்கிறது.

காது உடம்பிலேயே விசித்திரமான ஒரு சந்திப்பு. அந்தச் சின்ன இடத்துக்கு உணர்ச்சி கொண்டுபோவது ஒரே நரம்பு இல்லை. முகத்துக்கும் பல்லுக்கும் தாடைக்கும் போகிற ஐந்தாவது மூளை நரம்பின் கிளை ஒன்று காதுக்கு வருகிறது. ஏழாவது நரம்பிலிருந்து கொஞ்சம். தொண்டைக்கும் டான்சிலுக்கும் நாக்கின் அடிப்பகுதிக்கும் போகிற ஒன்பதாவது, குரல்வளை வரை இறங்குகிற பத்தாவது, கழுத்தின் இரண்டாம் மூன்றாம் நரம்புகள், இத்தனையும் காதில் வந்து கூடுகின்றன. இதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள்: காதுக்குள் எதையாவது விட்டுக் குடையும்போது சிலருக்குத் திடீரென்று இருமல் வரும். காதைத் தொட்டால் தொண்டை ஏன் இரும வேண்டும்? இரண்டுக்கும் ஒரே நரம்பு, பத்தாவது. இதே வழியில் எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. கடைவாய்ப் பல் சொத்தையானாலோ, ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் முட்டினாலோ, டான்சில் புண்ணானாலோ, மூளை அதைக் காதுக் கணக்கில் எழுதிவிடும். டான்சில் ஆபரேஷன் ஆன குழந்தைகள் இரண்டாம் மூன்றாம் நாளில் "காது வலிக்குது" என்று அழுவதைப் பார்த்துப் பெற்றோர் பதறி ஓடிவருவார்கள். காதைத் தொடவே இல்லையே என்பார்கள். தொண்டைப் புண்தான் காதில் பேசுகிறது.

உங்கள் விஷயத்தில் அந்தத் தாடை வரிதான் என்னை நிறுத்தியது. ஒரு தையல்காரம்மா நினைவுக்கு வந்தார். இரண்டு வருடமாக வலது காது வலி. ஒரு பையைக் கவிழ்த்தார். காலியும் பாதியுமாக ஏழெட்டுச் சொட்டு மருந்துக் குப்பிகள் மேசையில் உருண்டன. செவிப்பறை முத்துப்போலப் பளிச்சென்று இருந்தது. குரும்பிகூட இல்லை. என் சுண்டுவிரலை அவர் காதுத் துவாரத்தில் வைத்து, முன்பக்கமாக, மூக்கு இருக்கிற திசையில் லேசாக அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்து மூடச் சொன்னேன். பாதி திறப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இதேதான் டாக்டர், இந்த வலிதான்." இடதுபக்கம் அதே மாதிரி செய்தால் ஒன்றுமே இல்லை. எப்படி வேலை செய்வீர்கள் என்று கேட்டேன். நூலைப் பல்லில் கடித்து அறுப்பாராம், எப்போதும் வலதுபக்கம். மீதி நேரம் குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டு வாயை இறுக்கி வைத்திருப்பாராம். இருபத்தைந்து வருடப் பழக்கம்.

தாடை மூட்டு காதுக்கு "பக்கத்தில்" இருக்கிறது என்று சொன்னால் போதாது. காதுத் துவாரத்தின் முன்சுவரே கிட்டத்தட்ட அதுதான்; இடையில் மெல்லிய எலும்புத் தகடு. அந்த மூட்டோ, மெல்லுகிற தசைகளோ ஓயாமல் இறுகிக்கிடந்தால் வலி காதுக்குள் ஆழத்தில் தெரியும். அடைப்பு உணர்வும் வரும், சிலருக்கு ரீங்காரமும் வரும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கும், கடிக்காமல் வெறுமனே இறுக்கிக்கொள்கிறவர்களுக்கும் காலையில் தாடை இறுகியிருக்கும், பொட்டுப் பக்கம் தலை வலிக்கும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். காதுக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக வாயைத் திறந்து மூடுங்கள். வலது பக்கம் அழுத்தினால் வலிக்கிறதா, "டக்" என்கிறதா, கண்ணாடியில் பார்த்தால் தாடை ஒருபக்கமாக விலகி இறங்குகிறதா? பிறகு கன்னத்தில், பல்லைக் கடித்தால் புடைத்துக்கொள்ளும் அந்தத் தசையை அழுத்திப் பாருங்கள். உங்களுடைய அந்தப் பழகிய வலி அங்கே கிளம்பினால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் செய்ய வேண்டியது நாள் முழுக்கப் பரவிக்கிடக்கிற சின்ன விஷயங்கள். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. இப்போது இதைப் படிக்கும்போது உங்கள் பல் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொட்டபடி, உதடு மூடி, பல் விலகி: இதுதான் தாடை ஓய்வெடுக்கும் நிலை. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டிவையுங்கள், "பல்" என்று மட்டும் எழுதி. கண் படும்போதெல்லாம் விலக்குங்கள். சூயிங்கம், பாக்கு, முறுக்கு, கரும்பு இவற்றைச் சில வாரம் விட்டுவிடுங்கள். கொட்டாவி வந்தால் முகவாய்க்கட்டைக்குக் கீழே கையை முட்டுக்கொடுங்கள், வாய் முழுசாகப் பிளக்காது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிப் பேசுவதை இன்றே நிறுத்துங்கள், அது கழுத்து நரம்பு வழியாகவும் காதைக் கெடுக்கும். வெதுவெதுப்பான துணியால் கன்னத்திலும் காதுக்கு முன்னாலும் பதினைந்து நிமிடம் ஒத்தடம், காலையும் இரவும். ஒரு பல் டாக்டரைப் பார்த்து, "தாடை மூட்டைப் பாருங்கள், நான் பல் கடிக்கிறேனா என்று பல் தேய்மானத்தைப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தேவைப்பட்டால் இரவில் பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்கிற உறை, நைட் கார்டு என்பார்கள், செய்து தருவார்கள். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்து பார்த்துவிட்டுத்தான் பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். அந்த அம்மா கழுத்தில் ஒரு கயிறு கட்டிக் குட்டிக் கத்தரிக்கோலைத் தொங்கவிட்டுக்கொண்டார். மூன்றாம் மாதம் வந்தபோது பை கொண்டுவரவில்லை.

சரி, அடைப்பு. தாடையாலேயே அடைப்பு உணர்வு வரலாம் என்றேன், ஆனால் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழாய் போகிறது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறு அறிஞர் யூஸ்டேக்கியோவின் பெயரில் யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். பெரும்பாலான நேரம் அது மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து, செவிப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமன் செய்யும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இது தெரியும். ஏறும்போது உள்ளே இருக்கிற காற்று விரிந்து தானாக வெளியேறிவிடும், "பட்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கும்போது வெளியழுத்தம் கூடிக் குழாயை அமுக்குகிறது, நாம்தான் விழுங்கித் திறக்க வேண்டும். சளி பிடித்திருந்தால் திறக்காது, காது கும்மென்று அடைத்து வலிக்கும். விமானம் இறங்கும்போது குழந்தைகள் வீறிட்டு அழுவதும் இதனால்தான். அந்த நேரத்தில் தூங்க விடாமல் எழுப்பிப் பால் கொடுக்கச் சொல்வது விழுங்க வைப்பதற்காக.

ஒவ்வாமை மூக்கு உள்ளவர்களுக்கு இந்தக் குழாய் மாதக்கணக்கில் மந்தமாகவே இருக்கும். டிம்பனோமெட்ரி என்று ஒரு பரிசோதனை, காதில் ஒரு ரப்பர் முனையை வைத்து அழுத்தத்தை மாற்றிப் பார்ப்பது. சில நிமிடத்தில் முடியும், வலிக்காது. செவிப்பறை உள்ளிழுக்கப்பட்டிருக்கிறதா, பின்னால் நீர் தேங்கியிருக்கிறதா என்பது கோட்டுப்படமாகத் தெரிந்துவிடும். கூடவே கேட்கும் திறனை அளக்கிற ஆடியோகிராமும் எடுத்துவிடுங்கள். எட்டு மாத அடைப்புக்கு இந்த இரண்டும் இல்லாமல் வெறும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து முடிவு சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூக்குதான் காரணம் என்று தெரிந்தால் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுப்பார்கள். அதை முக்கால்வாசிப் பேர் தவறாக அடிக்கிறார்கள். தலையைப் பின்னால் சாய்க்கக்கூடாது, லேசாகக் குனிய வேண்டும். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை; அப்போதுதான் முனை நடுத்தண்டைக் குத்தாமல் வெளிப்பக்கமாக, காது இருக்கிற திசையைப் பார்க்கும். அடித்துவிட்டு உறிஞ்சித் தொண்டைக்கு இழுக்க வேண்டாம். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். கடையில் கேட்டு வாங்குகிற, அடித்த ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடுகிற சைலோமெட்டசோலின் வகைச் சொட்டுகள் வேறு. அவற்றை ஐந்து நாளைத் தாண்டிப் போடாதீர்கள், அதுவே பிறகு மூக்கடைப்பை நிரந்தரமாக்கும்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை ஊதிக் காதைத் திறக்கிற முறை 1704-இல் வால்சால்வா என்ற இத்தாலிய உடற்கூறு அறிஞர் எழுதிவைத்தது, அவர் சொன்னது காதுச் சீழை வெளியேற்றுவதற்காக. மென்மையாகச் செய்தால் தவறில்லை. மூச்சைத் தம் கட்டி முக்கக்கூடாது, கெட்டிச் சளி இருக்கும்போது செய்யவே கூடாது. அதைவிட எனக்குப் பிடித்தது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீர் விழுங்குவது. ஆனால் நாளைக்கு ஐம்பது முறை காதை "பட்" "பட்" என்று திறந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் அதுவே ஒரு நோயாகிவிடும். பேசும்போது சொந்தக் குரலும் மூச்சும் காதுக்குள்ளேயே எதிரொலித்து, படுத்தால் அது குறைகிறதென்றால், குழாய் அடைத்திருக்கவில்லை, அளவுக்கு மீறித் திறந்தே கிடக்கிறது. வேகமாக எடை குறைத்தவர்களிடம் இதைப் பார்க்கிறோம். அவர்களுக்கு மூக்கு ஸ்ப்ரே நிலைமையை மோசமாக்கவும் செய்யும்.

அடைப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உள்காது கெட்டாலும் மனிதர்கள் "அடைப்பு" என்றே சொல்கிறார்கள். காலையில் எழுந்தால் ஒரு காது திடீரென்று அடைத்திருக்கிறது, போனை அந்தக் காதில் வைத்தால் சரியாகக் கேட்கவில்லை என்றால், குரும்பி என்று நினைத்து ஒரு வாரம் சொட்டு மருந்து போட்டு உட்காராதீர்கள். அது திடீர் நரம்புச் செவிடாக இருக்கலாம். ஸ்டீராய்டை முதல் சில நாட்களுக்குள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு. எளிய சோதனை ஒன்று உண்டு. இப்போது ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். சத்தம் மூடிய காதில்தான் பெரிதாகக் கேட்கும். குரும்பியோ நீரோ அடைத்திருந்தாலும் இப்படித்தான், அடைத்த காதுப்பக்கம் கேட்கும். மாறாக அடைத்த காதை விட்டு நல்ல காதுப்பக்கம் முனகல் ஒதுங்கினால் அன்றைக்கே இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். அடைப்போடு இரைச்சலும், மணிக்கணக்கில் தலை கிறுகிறுத்து வாந்தியும் வந்து வந்து போனால் அது மெனியர் என்கிற உள்காது நோயா என்று பார்க்க வேண்டும்.

ஆபத்தா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் வேறு சிலர் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்ல வேண்டும். புகையிலை, பாக்கு, ஹான்ஸ், பீடி, மது பழக்கம் உள்ள ஒருவருக்கு ஒரே பக்கம் காது வலி மூன்று வாரத்துக்கு மேல் நின்றால், காது நார்மல் என்றால், நாக்கின் அடி, டான்சில், தொண்டையின் கீழ்ப்பகுதி வரை உள்ளே குழாய் விட்டுப் பார்த்தே தீர வேண்டும். அங்கே வளர்கிற புற்றுநோயின் முதல் அறிகுறி சிலருக்குக் காது வலி மட்டுமாகவே இருக்கிறது. விழுங்கச் சிரமம், குரல் கம்மல், கழுத்தில் கட்டி சேர்ந்துகொண்டால் நாள் கடத்தவே கூடாது. இன்னொருவர், வயதான சர்க்கரை நோயாளி. ராத்திரியில் தூக்கத்தைப் பிடுங்குகிற காது வலி, கொஞ்சம் நீர்க்கசிவு. இவருக்குத் தொற்று காதுத் துவாரத்திலிருந்து மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்புக்கே போகலாம். வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை. நாற்றமடிக்கிற சீழ், காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் ஒருபக்கம் இழுப்பது, இவையும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை விட்டுவிடுங்கள். பாட்டி பூண்டுப் பல்லைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயில் பாசம் இருந்தது, அந்தச் சூடு சற்று இதமாகவும் இருந்திருக்கும். அதே சூட்டை வெளியே ஒத்தடமாகக் கொடுத்தால் போதும். செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் ஊற்றிய எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் வைத்த காதுகளை நான் நிறையச் சுத்தம் செய்திருக்கிறேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரமும் எண்ணெயும் சேர்ந்த காதில் பூஞ்சை வந்து குடியேறும். உள்ளே பார்த்தால் நனைந்த காகிதத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல இருக்கும். பட்ஸும் அப்படித்தான், குரும்பியை உள்ளே தள்ளி அமுக்குகிறது, தோலையும் சிராய்க்கிறது.

எட்டு மாதம் தொடர்ந்த வலிக்குத் தனியாக ஒரு குணம் வந்துவிடும். காரணம் பாதி குறைந்த பிறகும் நரம்புகள் உஷாராகவே இருக்கும், சின்ன இறுக்கத்தையும் பெரிதாக்கிச் சொல்லும். இது மனநோய் இல்லை, நரம்பின் இயல்பு. அப்படிப்பட்டவர்களுக்கு அமிட்ரிப்டிலினைச் சிறிய அளவில் இரவில் கொடுப்பதுண்டு. அது மனச்சோர்வு மருந்தாயிற்றே என்று சீட்டைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அந்த அளவில் அது வலி நரம்பை அடக்கவும் தூக்கத்துக்கும்தான். வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், டாக்டர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும். வலி மாத்திரையை மட்டும் எண்ணி வையுங்கள். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் போட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும்.

இனி ராத்திரி. பகலில் வேலை, பேச்சு, சத்தம் எல்லாம் வலியை மறைக்கின்றன. விளக்கை அணைத்ததும் காது மட்டும் மிஞ்சுகிறது. படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடி அடைப்பும் அதிகமாகத் தெரியும். தலைப்பக்கம் இரண்டு தலையணை வைத்துச் சற்று உயர்த்திப் படுங்கள். வலதுபக்கம் சாயாதீர்கள், தாடையும் அமுங்கும். குப்புறப் படுப்பது தாடைக்கும் கழுத்துக்கும் இரண்டுக்குமே கெடுதல். முழு நிசப்தத்தைவிட மின்விசிறிச் சத்தம் நல்லது, காதையே கவனித்துக்கொண்டிருக்கிற மனசுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஒத்தடத்தைப் படுக்கப்போகும் முன் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். துணியை எடுத்த பிறகு கன்னத்தில் இருக்கிற சூடு ஆறுவதற்குள் விளக்கை அணைத்து, உதட்டை மூடி, பல்லை விலக்கி வைத்துப் படுங்கள். நடுவில் விழித்துக்கொண்டால் காதைத் தொட்டுப் பார்க்காமல், முதலில் பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்துவிட்டு, எந்த நேரத்தில் வலிக்கிறது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு பேசினீர்கள், எவ்வளவு நேரம் திரை முன்னால் இருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். அடுத்த டாக்டரிடம் அந்த நோட்டையும் ஆடியோகிராமையும் சேர்த்து நீட்டுங்கள்.